மேதைமை, பிடிவாதம், கைமாற்றம்: ஜி. டி. நாயுடுவின் வாழ்க்கையை வாசித்தல்

1. கேள்வி

தொழில்நுட்பத்தில் அபாரத் திறமையும் எவரோடும் ஒத்துப்போகாத இயல்பும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால், அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான் எழுதுகிறார்கள். முதல் வழியில் அந்தக் கடுமை மேதைமைக்குக் கொடுத்தாக வேண்டிய விலை ஆகிறது. இரண்டாம் வழியில் அது மேதைமையைத் தின்றுவிட்ட குறை ஆகிறது. ஸ்டீவ் ஜாப்ஸ் பற்றி வால்டர் ஐசக்சன் 2011-இல் வெளியிட்ட நூலை உலகெங்கும் இந்த இரண்டு வழிகளிலும் வாசித்தார்கள். வாசித்த இளம் தொழில்முனைவோர் பலர், முரட்டுத்தனம் இல்லாமல் புதுமை இல்லை என்ற பாடத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் இத்தகைய வாசிப்புக்கு ஆளான முதன்மையான வாழ்க்கை கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவுடையது (1893–1974). அவருடைய பிடிவாதத்தைக் கொண்டாடுவோரும் உண்டு, அதற்காக வருந்துவோரும் உண்டு. இரு சாராருக்கும் அவரது குணமே கதையின் மையம்.

அந்த மையம் சரியானதுதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஒரு தொழில்நுட்பவாதியின் வாழ்க்கையை அவர் குணத்தை வைத்து அளப்பதைவிட, அவர் உண்டாக்கியவை அவர் கையிலிருந்து பிறர் கைக்கு எப்படிப் போயின, எங்கே போகாமல் நின்றன என்பதை வைத்து அளப்பது அதிக உண்மையைத் தரும் என்பது என் வாதம். இதைக் கைமாற்றம் என்று அழைக்கிறேன். நாயுடுவின் வாழ்க்கையில் கைமாறியவை இன்றும் வாழ்கின்றன. கைமாறாதவை காட்சிக்கூடத்தில் இருக்கின்றன. இரண்டையும் பிரித்த கோடு அவருடைய திறமையிலும் இல்லை, கோபத்திலும் இல்லை.

கொங்கு நாட்டு மனிதர் ஒருவரைத் திருவரங்கத்திலிருந்து வாசிக்க ஒரு காரணம் உண்டு. கோயம்புத்தூரின் தொழில் வரலாறு தனிமனிதர்கள், குடும்பங்கள் ஆகியோரின் பெயர்களால் சொல்லப்படுவது. திருச்சிராப்பள்ளியின் தொழில் வரலாறோ நிறுவனங்களின் பெயர்களால் சொல்லப்படுவது: 1920-களின் இறுதியில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்த ரயில்வே பணிமனை, 1965-இல் செக்கோஸ்லோவாக்கிய ஒத்துழைப்போடு தொடங்கிய பெல் கொதிகலன் ஆலை, 1964-இல் துவாக்குடியில் எழுந்த மண்டலப் பொறியியல் கல்லூரி. தனிமனித மேதைமையை நிறுவன உழைப்போடு ஒப்பிட்டுப் பார்க்க இந்த நிலம் வசதியான இடம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவோடு தொடர்புள்ள இரண்டு வாழ்க்கைகளும் இந்த ஒப்பீட்டுக்குத் துணைசெய்கின்றன.

2. நிலவும் இரண்டு வாசிப்புகள்

நாயுடுவின் வாழ்க்கைச் சட்டகம் பரவலாக அறியப்பட்டது. கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-இல் பிறந்தார். பள்ளிப் படிப்பு தொடக்க நிலையிலேயே நின்றுபோனது. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, கோயம்புத்தூருக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து, பணம் சேர்த்து அதை வாங்கினார்; வாங்கியதைக் கழற்றிப் பூட்டித் தொழில் கற்றார். 1920-இல் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு ஒரு பேருந்து வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஓட்டினார். யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யு.எம்.எஸ்., 1930-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 280 பேருந்துகளைக் கொண்ட நிறுவனமாக வளர்ந்தது என்று வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. பிறகு சவரக் கருவி, மின்மோட்டார், வானொலி, கடிகாரம், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, வாக்குப்பதிவு இயந்திரம், இரண்டு பேர் செல்லும் கார், பருத்தியிலும் பப்பாளியிலும் வேளாண் சோதனைகள் என்று ஒரே ஆளின் வாழ்நாளுக்குள் அடங்காத அளவு முயற்சிகள்.

முதல் வாசிப்பு இந்தச் சட்டகத்தைத் தடுக்கப்பட்ட மேதையின் கதையாக ஆக்குகிறது. அதன்படி நாயுடு இந்தியாவின் எடிசன். முதலில் வெள்ளை அரசும் பின்னர் சுதந்திர இந்தியாவின் உரிம முறையும் வரித்துறையும் அவரை முடக்கின. 1941-இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அவர் அறிவித்தார். 1952-இல் 2,000 ரூபாய் விலையில் இருவர் செல்லும் பெட்ரோல் காரை உருவாக்கினார். அதை உற்பத்தி செய்ய அரசு உரிமம் தரவில்லை. இவை இரண்டும் இந்த வாசிப்பின் தூண்கள். 1950-களில் வரிக்கொடுமையைக் கண்டித்துத் தாம் உருவாக்கிய பொருள்களை மக்கள் முன்னிலையில் தாமே உடைத்த நிகழ்ச்சி அதன் உச்சக்காட்சி. 2018-ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் பரிசு பெற்ற, அவரைப் பற்றிய அறிவியல் ஆவணப்படமும், 2025 அக்டோபரில் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டதும் இந்த நினைவு எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சான்று.

இரண்டாம் வாசிப்பு அவ்வளவாக அச்சேறாதது. ஆனால் தொழில் வட்டாரங்களில் நிலவுவது. அதன்படி நாயுடு தம் திறமைக்குத் தாமே எதிரி. ஒன்றைத் தொடங்கி முடிப்பதற்குள் மற்றொன்றில் இறங்கினார். பல்கலைக்கழகத்தோடும் அரசோடும் சண்டையிட்டார். சமரசம் என்பதை அறியாததால் பெருந்தொழில் அதிபராக நிலைக்கவில்லை. இந்த வாசிப்பு பார்வைக்கு நடுநிலையானது போலத் தோன்றினாலும், முதல் வாசிப்பின் அதே பிழையைத் தலைகீழாகச் செய்கிறது. அங்கே குணம் வீரம், இங்கே குணம் நோய். இரண்டிலும் பேருந்துப் பணிமனையின் தொழிலாளி இல்லை, கூட்டாளி இல்லை, மின்சாரம் இல்லை, சந்தை இல்லை. ஒரு ஊரே சேர்ந்து செய்த வேலை ஒருவருடைய சுபாவமாகச் சுருங்கிவிடுகிறது.

3. சான்றுகளின் இயல்பு

இந்தச் சுருக்கத்துக்குச் சான்றுகளின் இயல்பும் காரணம். நாயுடுவைப் பற்றித் தமிழில் பரவலாக வாசிக்கப்பட்ட நூல்களில் ஒன்று சிவசங்கரி எழுதிய ‘அப்பா’. அவருடைய கருவிகளைக் காத்துவைத்துக் காட்சிப்படுத்துவது அவர் பெயரிலான அறக்கட்டளை. இவை இல்லாவிட்டால் நமக்கு அவரைப் பற்றித் தெரிந்தது மிகக் குறைவாகவே இருந்திருக்கும். அந்த நன்றியை மறக்கக்கூடாது. ஆனால் அன்பும் குடும்ப நினைவும் பாதுகாத்த வரலாற்றில் சில குரல்கள் இயல்பாகவே கேட்காமல் போகும். நாயுடு பற்றி வழங்கும் சம்பவக் கதைகளில் பெரும்பாலானவை ஒரே அமைப்பைக் கொண்டவை: ஓர் அதிகாரி அல்லது நிபுணர் முடியாது என்கிறார், நாயுடு செய்து காட்டுகிறார், எதிராளி வாயடைத்துப் போகிறார். அந்த எதிராளியின் கோப்பு என்ன சொன்னது, அவருக்கு எந்தச் சட்டம் குறுக்கே நின்றது என்பதைக் கதை கேட்பதில்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் பெருந்தொகையை நீட்டியபோது மறுத்தார் என்ற வகைக் கதைகளும் இப்படித்தான் வாய்வழியாக வளர்ந்து, ஒவ்வொரு சொல்லலிலும் தொகை மாறி வருகின்றன.

இத்தகைய கதைகளைப் பொய் என்று தள்ளுவதும் தவறு, மெய் என்று அடுக்குவதும் தவறு. அவற்றின் துணையின்றியே சோதிக்கக்கூடிய ஒரு தடம் இருக்கிறது: அவர் தொட்ட ஒவ்வொரு பொருளுக்கும் பிற்பாடு நேர்ந்தது என்ன? மின்மோட்டார் எங்கே போனது, கல்லூரி எங்கே போனது, சவரக் கருவி எங்கே போனது, கார் எங்கே போனது? இந்தக் கேள்விகளுக்கு விடை அபிமானிகளின் நினைவில் இல்லை. ஊரின் தொழிற்பேட்டைகளிலும் பொது ஆவணங்களிலும் இருக்கிறது. ஆகவே அடுத்த பகுதியில் குணக்கதைகளை ஒதுக்கிவைத்துவிட்டுப் பொருள்களின் பிற்கால வாழ்வை மட்டும் பார்க்கிறேன்.

4. நிலைத்தவையும் நின்றவையும்

நிலைத்தவற்றில் முதன்மையானது மின்மோட்டார். 1937-இல் நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டாரை உருவாக்கினார்கள். இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டாராக அது மதிக்கப்படுகிறது. இந்த நிகழ்வின் நேரத்தைக் கவனிக்க வேண்டும். பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் 1930-களின் தொடக்கத்தில் கோயம்புத்தூருக்கு வந்தது. பஞ்சாலைகள் பெருகின. கடும்பாறை நிலத்தில் ஆழக் கிணறு தோண்டிக் கவலையில் நீர் இறைத்துக்கொண்டிருந்த விவசாயிக்கு மின்சாரத்தில் ஓடும் பம்பு தேவைப்பட்டது. மோட்டார் சந்தையைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. சந்தை கிணற்றடியில் காத்திருந்தது. வார்ப்பாலைகள் உள்ளூரில் இருந்தன, பி.எஸ்.ஜி. போன்ற அறக்கட்டளைகளின் தொழிற்கல்வி நிலையங்கள் கைதேர்ந்த ஆட்களைத் தந்தன. பாலசுந்தரம் பின்னர் 1946-இல் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கி நூற்பு இயந்திரங்கள் செய்தார். ஒருவரிடம் வேலை கற்றவர் வெளியேறித் தனிப்பட்டறை வைப்பதும், அந்தப் பட்டறையிலிருந்து இன்னொருவர் பிரிவதும் அந்த ஊரின் வழக்கமாயிற்று. இன்று நாட்டின் பம்பு, மோட்டார்த் தேவையில் பாதியளவைக் கோயம்புத்தூர் நிறைவேற்றுவதாகக் கணிக்கப்படுகிறது. அந்தப் பம்புகள் எதிலும் நாயுடுவின் பெயர் இல்லை. அதுவே அவர் அடைந்த மிகப் பெரிய வெற்றி என்று கருதுகிறேன்.

இரண்டாவது கல்வி. 1945-இல், சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயரால் கோயம்புத்தூரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டதில் நாயுடுவின் கொடையும் உழைப்பும் பெரியவை; பாலிடெக்னிக்கின் முதல்வராகவும் இருந்தார். நான்காண்டுப் பொறியியல் படிப்பு காலவிரயம், இரண்டாண்டு போதும் என்பது அவர் கொள்கை. அரசு ஏற்கவில்லை, அவர் விலகினார். குணத்தை மையமாக்கும் வாசிப்புகளுக்கு இந்த விலகலே கதை. ஆனால் பொருளின் பிற்கால வாழ்வைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: அவர் விலகிய பின்னும் கல்லூரி நின்றுவிடவில்லை. அதுவே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. நிறுவியவருடைய கருத்தோடு உடன்படாமலேயே ஒரு நிறுவனம் அவருடைய நோக்கத்தை பல தலைமுறை மாணவர்களுக்குக் கொண்டுசெல்ல முடிந்தது. கைமாற்றம் என்பது இதுதான்: வாங்கிக்கொள்பவர் கொடுத்தவரைப் போலவே இருக்கத் தேவையில்லை.

நின்றவற்றைப் பார்ப்போம். சிறு மோட்டாரும் உலர்மின்கலமும் கொண்ட ‘ரசந்த்’ சவரக் கருவி 1930-களில் ஜெர்மனியில் பாராட்டுப் பெற்றது. அந்த மோட்டாரின் நுட்பம் உயர்ந்தது. ஆனால் அக்கருவியைப் பெருமளவில் செய்யும் ஆலையோ, தம் பெயரில் அதை வளர்க்கும் கூட்டாளியோ நம் நாட்டில் உருவாகவில்லை. வானொலியின் கதை இன்னும் தெளிவு. ஐந்து வால்வு வானொலி என்றால் அதன் உயிர் வால்வில் இருக்கிறது. 1941-இல் இந்தியாவில் வால்வு உற்பத்தி இல்லை. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியது 1961-இல்தான். அதுவும் போர்க்காலம்; கப்பலில் எது வரும், எது வராது என்று எவரும் சொல்ல முடியாது. அந்நிலையில் 70 ரூபாய் வானொலி என்பது ஒரு பெட்டியைச் செய்துகாட்டும் திறமைக்குச் சான்று. ஆண்டுக்குப் பல்லாயிரம் பெட்டிகள் செய்யும் தொழிலுக்குச் சான்று அல்ல. உதிரிபாகம் செய்பவர், விற்பவர், பழுது பார்ப்பவர் ஆகிய மூவரும் இல்லாத இடத்தில் கண்டுபிடிப்பு கண்டுபிடித்தவரின் மேசையிலேயே தங்கிவிடுகிறது.

5. உரிமம் கிடைத்திருந்தால்?

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். காரை நிறுத்தியது உதிரிபாகப் பற்றாக்குறையா, அரசா? 1951-ஆம் ஆண்டின் தொழில் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டம் 1952-இல் நடைமுறைக்கு வந்தது. உரிமம் இல்லாமல் பெருந்தொழில் தொடங்க முடியாத காலம் பிறந்தது. நாயுடுவின் கார் வெளிவந்ததும் அதே ஆண்டு. அரசு தடுத்ததை மறைத்துவிட்டு அவர் கைமாற்றவில்லை என்று சொல்வது, கையைக் கட்டிவிட்டு ஏன் நீந்தவில்லை என்று கேட்பதாகாதா?

அரசு தடுத்தது உண்மை. அந்தத் தடை நாட்டுக்கு இழப்பு என்பதும் உண்மை. உரிம முறை சிறு முயற்சியாளரின் காலை வாரியது என்பதை இன்று பொருளியலாளர் பலரும் ஏற்கிறார்கள். ஆனால் உரிமம் ஒன்றே குறை என்று சொல்வதற்கு வரலாறு இடம் தரவில்லை. மலிவு விலையில் மக்கள் கார் என்ற அதே கனவுக்கு 1970-இல் சஞ்சய் காந்திக்கு அனுமதி கிடைத்தது. உரிமம் மட்டுமன்றி நிலமும் அரசியல் செல்வாக்கும் சேர்ந்தே கிடைத்தன. பத்தாண்டில் கார் வரவில்லை. 1980-இல் அரசு அந்நிறுவனத்தை எடுத்து, சுசுகியின் உற்பத்தி முறையையும் உதிரிபாக வலையையும் கொண்டுவந்த பிறகே 1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தது. அனுமதிக்கும் உற்பத்திக்கும் இடையே உள்ள தூரத்தை இந்தப் பத்தாண்டு அளந்து காட்டுகிறது.

இன்னும் நெருங்கிய ஒப்பீடு ஒன்று நம் பக்கத்திலேயே உண்டு. நாயுடுவைப் போலவே டி. வி. சுந்தரம் அய்யங்காரும் பேருந்துத் தொழிலில் தொடங்கியவர்; 1911-இல் அவர் நிறுவிய நிறுவனத்தின் பெயரைத் திருச்சியில் ஒரு சாலைச் சந்திப்பே, டி.வி.எஸ். டோல்கேட் என்று, இன்னும் தாங்கி நிற்கிறது. அவருடைய வாரிசுகள் அதே உரிமக் காலத்தில், அதே அரசோடு, 1954-இல் சுந்தரம் பைனான்ஸையும், 1960-களின் தொடக்கத்தில் ஆங்கிலேய நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா ஆகியவற்றையும் தொடங்கினார்கள். முழுக் காரைச் செய்ய அவர்கள் முயலவில்லை. காருக்குள் இருக்கும் மின்பொறியையும் பிரேக்கையும் செய்தார்கள். ஒவ்வொரு தொழிலும் ஒவ்வொரு மகனின் கிளைக்கும் தொழில்முறை மேலாளர்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அவர்களுக்கு மூலதனமும் சமூகத் தொடர்பும் கூடுதலாக இருந்தன என்பதை மறுக்க முடியாது. படிப்பைத் தொடக்கப் பள்ளியிலேயே இழந்த ஒருவரை அவர்களோடு சமதட்டில் வைப்பது நியாயமும் அல்ல. எனினும் ஒரே வானிலையில் ஒரு தோட்டம் காய்த்தது என்றால், மற்றதில் காய்க்காததற்கு வானிலையை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது.

6. தீவிலிருந்து இரண்டு ஒப்பீடுகள்

அப்படியானால் கடினமான குணம்தான் கைமாற்றத்துக்குத் தடையா? இரண்டாம் வாசிப்பு அதைத்தான் சொல்கிறது. அதை மறுக்கும் வாழ்க்கை திருவரங்கத் தீவிலேயே தொடங்கியது. 1888 நவம்பர் 7-இல் திருவானைக்காவில் பிறந்த சி. வி. ராமன், நாயுடுவைப் பெரிதும் மதித்துப் போற்றியவர். குணத்தில் அவரும் எளியவர் அல்லர். 1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரான அவர், உள்மோதல்களுக்குப் பின் 1937-இல் அப்பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. அரசின் நிதியையும் அதனோடு வரும் கட்டுப்பாட்டையும் ஐயத்தோடு பார்த்தார். 1948-இல் தமக்கென்று தனி ஆய்வு நிறுவனம் அமைத்துக்கொண்டார். ஆனால் 1928 பிப்ரவரியில் கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து கண்ட ஒளிச்சிதறல் விளைவை அவர் உடனே அச்சிட்டு உலகின் முன் வைத்தார். அந்தக் கணமே அது எந்த ஆய்வகத்திலும் எவரும் செய்துபார்க்கக்கூடிய பொதுச்சொத்தாகிவிட்டது. அவர் யாரோடு சண்டையிட்டார் என்பது அதன் பயணத்தைத் தடுக்கவில்லை. இன்று மருந்து ஆலைகளிலும் தடய அறிவியல் கூடங்களிலும் ராமன் நிறமாலைக் கருவியை இயக்குபவருக்கு அவருடைய சுபாவம் தெரியத் தேவையில்லை.

ஆகவே ராமனையும் நாயுடுவையும் பிரிப்பது குணம் அன்று. ராமனுக்கு ஆய்விதழ் என்ற ஆயத்தப் பாதை இருந்தது. எழுதி அனுப்பினால் அது தானே கைமாறும். தொழில்நுட்பத்தில் அத்தகைய ஆயத்தப் பாதை இல்லை. காப்புரிமை, கூட்டு நிறுவனம், பயிற்சிப் பள்ளி, தரநிர்ணயம் என்று அதை ஒவ்வொரு முறையும் கட்ட வேண்டும். மோட்டார் விஷயத்தில் கூட்டாளியும் ஊரும் சேர்ந்து அதைக் கட்டினார்கள். கார் விஷயத்தில் அதைக் கட்ட ஆளில்லை.

இரண்டாம் ஒப்பீடு வாக்குப்பதிவு இயந்திரம். எவரும் தில்லுமுல்லு செய்ய முடியாத வாக்குப்பதிவுக் கருவி நாயுடுவின் கண்டுபிடிப்புப் பட்டியலில் தவறாமல் இடம்பெறுகிறது. அந்தக் கருவி தேர்தலுக்குப் போகவில்லை. பல ஆண்டுகள் கழித்து வேறொரு வழியில் இந்தியாவுக்கு மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வந்தது. அதில் திருவரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் படித்த ஒருவருக்குப் பங்குண்டு. தமிழர் அவரை எழுத்தாளர் சுஜாதாவாக அறிவார்கள். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அவரைப் பொறியாளர் எஸ். ரங்கராஜனாக அறியும். அங்கே அந்த இயந்திரத்தை உருவாக்கிய பணியில் அவர் முக்கியப் பொறுப்பு வகித்தார். ஆனால் அவர் ஒருவரே அதைக் கண்டுபிடித்தார் என்று எவரும் பொறுப்போடு சொல்ல முடியாது. ஹைதராபாதின் மின்னணுக் கழகமான இ.சி.ஐ.எல். முந்தைய மாதிரிகளைச் செய்திருந்தது. பம்பாய் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புத் துறை அதன் புறத்தோற்றத்தில் பணியாற்றியது. 1982-இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் அது பயன்படுத்தப்பட்டது. சட்டத்தில் இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் அத்தேர்தலை ஏற்கவில்லை. பிறகு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டு 1989-இல் நடைமுறைக்கு வந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளிலும் இயந்திரமே பயன்பட்டது.

தோல்வி, வழக்கு, சட்டத்திருத்தம், மீண்டும் சோதனை என்று இருபத்திரண்டு ஆண்டுகள். தனிமனிதர் எவரும், எவ்வளவு பிடிவாதக்காரர் ஆனாலும், இதைத் தாங்கியிருக்க முடியாது. நீதிமன்றம் தள்ளியபோது அந்த இயந்திரத்தை எவரும் கோபத்தில் உடைக்கவில்லை. சட்டத்தில் எங்கே இடைவெளி என்று பார்த்து அடைத்தார்கள். நிறுவனத்தின் வலிமை அதன் அறிவில் இல்லை, பொறுமையில் இருக்கிறது. நாயுடுவின் அறிவுக்கு அந்தப் பொறுமையை இரவல் தர அன்று எந்த நிறுவனமும் முன்வரவில்லை; தேடிப்போய்ச் சேரும் மனமும் அவரிடம் குறைவு. இழப்பு இரு பக்கத்திலும் உண்டு.

7. மறுப்புகளுக்கு விடை

பிடிவாதம் இல்லாமல் எதுவும் தொடங்கியிருக்குமா என்று கேட்கலாம். தொடங்கியிருக்காது. படிப்பில்லாத கிராமத்து இளைஞன் ஆங்கிலேய அதிகாரியின் வண்டியைத் தனதாக்கிக் கழற்றிப் பார்க்க, ஊர் சொல்வதைக் கேளாத காது வேண்டும். அந்தக் குணத்தைத் தொடக்கத்தின் ஆற்றலாக மதிக்கிறேன். ஆனால் தொடங்கும் ஆற்றலும் தொடரும் ஆற்றலும் வெவ்வேறு. ஜாப்ஸின் வாழ்க்கையும் இதற்குச் சான்று: 1985-இல் அவரைத் தம் நிறுவனத்திலிருந்து வெளியேற்றிய அதே சுபாவம்தான் 1997-இல் திரும்பியபோதும் இருந்தது, இம்முறை வடிவமைப்பிலும் விநியோகத்திலும் தேர்ந்தவர்கள் அவரைச் சூழ்ந்து நின்றார்கள். மாறியது சுபாவத்தைவிட அதைச் சுற்றிய அமைப்பு.

கைமாற்றத்தை அளவுகோலாக்கினால் ஒரு மேதையின் உந்துசக்தியை, இளைஞர் மனத்தில் அவர் மூட்டும் கனலைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறோமே என்பது அடுத்த மறுப்பு. காட்சிக்கூடத்தில் ‘ரசந்த்’தைப் பார்க்கும் ஒரு மாணவி பொறியாளராக முடிவெடுத்தால் அதுவும் கைமாற்றமே. ஆனால் அவளுக்கு நாம் சொல்லும் கதை முக்கியம். தனியாக நின்று போராடித் தோற்ற மாவீரன் என்று மட்டும் சொன்னால், நாளை அவளும் தனியாக நிற்பதையே தகுதியாக எண்ணுவாள். பாலசுந்தரத்தோடு சேர்ந்து செய்த மோட்டார்தான் ஊரை வாழவைத்தது என்றும் சேர்த்துச் சொன்னால், கூட்டாளியைத் தேடுவாள்.

நிறுவனங்களை நான் மிகைப்படுத்துகிறேன் என்ற மறுப்பும் நியாயமானது. திருச்சியே இதற்குச் சாட்சி. பெல் ஆலையை நம்பி எழுந்த நூற்றுக்கணக்கான சிறு உருவாக்கத் தொழிலகங்கள், அதன் கொள்முதல் சுருங்கியபோது வேறு சந்தை இல்லாமல் தவித்தன. ஒரு பெரிய நிறுவனத்தின் நிழலில் வளர்ந்த தொழிலுக்குத் தன் கால் இல்லாமல் போகலாம். கோயம்புத்தூரின் பட்டறைகளிடம் அந்தக் கால் இருக்கிறது. அதைத் தந்தவர்களில் நாயுடு முதல்வரிசை. ஆகவே மேதையா நிறுவனமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது என் வாதம் அன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாதை இருந்ததா என்று பார்ப்பதே அளவுகோல்.

8. முடிவு

ஜி. டி. நாயுடு இந்த நாட்டின் மிகச் சிறந்த தொழில்நுட்ப மனங்களில் ஒருவர். அவரைத் தடுத்த சட்டங்கள் குறையுடையவை. அவருடைய பிடிவாதம் அவருக்குத் தொடக்கத்தைத் தந்தது, நிலைபேற்றைத் தரவில்லை. நிலைபேறு கூட்டாளியிடமிருந்தும் கல்லூரியிடமிருந்தும் கிணற்றடி விவசாயியிடமிருந்தும் வந்தது. இத்தகைய வாழ்க்கைகளை வாசிப்பவர் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும்: இவருக்கு முதல் உதவி செய்தவர் யார்? இவர் செய்ததை அடுத்து வாங்கிக்கொண்டவர் யார்? வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் நின்றது எது, ஏன்? குணத்தைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.

எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நாயுடுவுக்கு வாழ்க்கை வரலாறு இருக்கிறது; பாலம் இருக்கிறது; படம் இருக்கிறது. அவரோடு நின்று வேலை செய்த வார்ப்பாளர், கடைசலாளர், மெக்கானிக், நடத்துநர் ஆகியோரின் நினைவுகள் தொகுக்கப்படவில்லை. பொன்மலையிலும் துவாக்குடியிலும் ஓய்வுபெற்று வாழும் தொழில்நுட்பர்களின் அனுபவமும் அப்படியே. அவர்களுடைய பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் இன்னும் நாட்குறிப்புகளும் ஊதியச் சீட்டுகளும் கைவரைபடங்களும் இருக்கக்கூடும். கல்லூரித் தமிழ்த்துறைகளும் பொறியியல் துறைகளும் சேர்ந்து அவற்றைத் திரட்ட முன்வர வேண்டும். மேதையின் கதை முழுமை பெறுவது அவரிடமிருந்து வாங்கிக்கொண்டவர்களின் கதையும் எழுதப்படும்போதுதான்.